முன்வரிசையில் இருந்த பாட்டுக்காரர்

ஸ்காபரோவில், கிங்ஸ்ரன் றோட்டில் இருந்த ஒரு மதுச்சாலையில் இரண்டு வருடமும் நாலு மாதமும் நான் கோப்பை கழுவினேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அதை ‘ஹோட்டல் நிர்வாகம்’ என்று குறிப்பிட்டேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கோப்பைகளை நான் நன்றாகவே நிர்வகித்தேன்.

எண்பத்திமூன்று மார்கழியில் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வருடாந்த விழா என்றால் என்னைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். கந்தோர்ப் பெரியவர் நடப்பதைப்போல நடந்து காட்டுவேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் மெட்டில் கன்ரீன் வடையைப் பற்றிப் பாடுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வருட ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அதற்குப் பிறகும், என்னைக் கண்டவர்கள் சிரிப்பதற்கு ஆயத்தமாகத்தான் வாயை வைத்திருந்தார்கள். ரொறொன்ரோவிலும் அப்படியே. செத்தவீட்டில்கூட ஒருவர் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், “ஒரு பகிடி விடுமன் ஐசே, மனம் சரியில்லை” என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த காரியத்துக்கு என் கையில் இருக்கும் ஒரே சாட்டு இதுதான். நல்ல சாட்டு இல்லை.

மதுச்சாலையில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பாட்டு. கன்ரி என்று சொல்வார்கள். வெள்ளைக்காரரின் நாட்டுப்புறப் பாட்டு. பெரிய தொப்பி, கிற்றார், போய்விட்ட மனைவி, போய்விட்ட வீடு, ஓடாத லொறி. பாடுபவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாட்டுகள் எல்லாம் அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டவை. பனிக்காலத்தில் இரண்டு மணிக்கே குசினிக்குள் வந்துவிடுவார். குளிரில் விறைத்த விரல்களை என் சுடுதண்ணீர்த் தொட்டியின் ஆவியில் காட்டுவார். முட்டை பொரித்து வைத்த பாண் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே கதைப்பார். அவர் கதைத்தது ஆங்கிலம்தான். ஆனால் என் காதுக்குள் அது தமிழாகித்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன்.

“தம்பி, உனக்கு ஒரு விசயம் தெரியுமே? நான் ஒருக்கால் பேர்போன ஆள். ஒரே ஒரு கோடை காலம்.”

நியூ பிரன்ஸ்விக்கில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகன். தபாலில் வரவழைத்த கிற்றாரில் தானாகவே பழகினாராம். பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, கிராமத்து நடன மண்டபங்களில் பாடி, ஒரு சின்ன வானொலி நிலையத்தில் சனிக்கிழமைகளில் பாடி, இருபத்தாறு வயதில் ஒரு இசைத்தட்டுப் போட்டார். அந்தக் கோடை முழுவதும் பெற்றோல் அடிக்க இறங்கிய இடமெல்லாம் தன் குரலே கேட்டது என்றார். “புரட்டாதி வந்துது. இலை கொட்டினமாதிரி நானும் கொட்டுப்பட்டுப் போனன்.” பிறகு பன்னிரண்டு வருடம் வட ஒன்ராறியோவின் சுரங்க ஊர்களில், ஹோட்டல் ஹோட்டலாக, கிழமைக்கு ஆறு நாள். கீழே பாட்டு, மேலே அறையில் படுக்கை. முதல் மனைவி ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனா. சனிக்கிழமையில் வீட்டில் நிற்கிற ஒரு மனிதர் தனக்கு வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். அந்தக் கடிதத்தையே இவர் பாட்டாக்கினார். அது எடுபடவில்லை. கடைசியில் ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வேலை. இரண்டாவது மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவ. முதல் மனைவி கேட்ட அந்தச் சனிக்கிழமையில் மட்டும்தான் இவர் இப்போதும் வீட்டில் இல்லை.

எண்பத்தைந்து பனிக்காலம் வந்தபோது அவர் ஒரு புதுப் பாட்டில் மினக்கெட்டுக்கொண்டிருந்தார். தமையன் தோட்டத்தை விற்றுவிட்டான். இவர் ஊருக்குப் போய், வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுக் குசினி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். உள்ளே வேறு யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்ட இவருக்கு உரிமை இல்லை. அவ்வளவுதான் பாட்டு. மிசிசாகாவில் தன் வீட்டு நிலவறையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஒருவர், இவருடைய பத்துப் பாட்டுகளைக் கசெற்றாகப் போடச் சம்மதித்திருந்தார். இந்தப் பாட்டுத்தான் முதலாவது. “இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு எனக்கு வந்த ஒரேயொரு நல்ல பாட்டு இது” என்றார். “மிச்சம் ஒன்பதும் இதுக்குத் துணைக்கு வாற ஆக்கள்.”

குசினிக்குள்ளேயே அதை வாசித்துப் பார்ப்பார். பாட்டின் சொல் பாதிதான் விளங்குகிறவனே மெட்டுக்குச் சரியான நீதிபதி என்பது அவருடைய கொள்கை. நான் தண்ணீரை மூடிவிட்டுக் கேட்பேன். ஒரு நாள், மூன்றாவது வரி மேலே போய் நிற்கிறது, கீழே இறங்கினால் நல்லது என்று வாயால் முனகிக் காட்டினேன். அவர் அப்படியே வாசித்தார். பாணைக் கீழே வைத்தார். “உனக்குக் காது இருக்கு தம்பி” என்றார்.

அந்த ஒரு இறக்கம் என்னுடையது. வீடு கட்டுகிறவனுக்கு ஒரு ஆணி எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டையே தன் பெயரில் எழுதிக்கொண்டவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, அதையே என்னைப் பற்றியும் நினைக்கலாம்.

தைப்பொங்கல் விழாவுக்கு எங்கள் சங்கத்தில் ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. சங்கத்துச் செயலாளர் மட்டக்களப்புக்காரர். பகலில் காப்புறுதி, இரவில் தமிழ். டெலிபோனில் கேட்டார்: “என்ன ஐசே, வழக்கமான கூத்துத்தானே? பத்து நிமிசம் போடட்டோ?”

“இல்லையண்ணை. இந்தமுறை ஒரு பாட்டுப் பாடப்போறன்.”

“பகிடிப் பாட்டோ?”

“இல்லை. எரிஞ்ச வீட்டைப் பற்றி.”

 “சிரிக்க ஏலாதோ?” என்று கவலையோடு கேட்டார்.

சொற்கள் என்னுடையவை. வெள்ளவத்தை வீட்டின் ஜன்னல், அதில் கிடந்த என் மனைவியின் சீப்பு, கருகிய சட்டகம். அதை இரண்டு கிழமையாக பஸ்ஸில் இருந்து எழுதினேன். எழுதும்போதே அது அவருடைய மெட்டில்தான் வந்தது. வேறெதிலும் வர மறுத்தது. இதில் குற்றம் இல்லை. காலங்காலமாக எங்கள் ஆட்கள் பிறமெட்டில் பாட்டுக் கட்டியவர்கள்தான். ‘மெட்டு: ஓர் ஆங்கிலப் பாடல்’ என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் செயலாளர் மறுபடி டெலிபோன் எடுத்து, “இசை ஆர் எண்டு போடுறது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

“நீரோ!” என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை, மரியாதை இருந்தது. அதுவரை யாரும் எனக்கு அதைத் தந்ததில்லை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை என் மனைவி எனக்குச் சாப்பாடு கொண்டு மதுச்சாலைக்கு வந்தாள். பாட்டுக்காரர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். தனக்காகத் தொப்பி கழற்றிய ஒருவரை அவள் வாழ்க்கையில் அன்றுதான் கண்டிருக்கிறாள். தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, “பொங்கலுக்கு வாங்கோ, இவரும் பாடுறார்” என்று சொல்லிவிட்டாள்.

“நீ பாடுவியே!” என்றார் அவர். “ரண்டு வருசமா என்ரை பாட்டைக் கேட்டவனெல்லோ நீ. நான் வராமல் விடுவனே?”

 பாட்டை மாற்றலாம் என்றால், நிரல் அச்சாகிவிட்டது. ஹார்மோனியக்காரரும் தபேலாக்காரரும் பழகிவிட்டார்கள். இருவரும் பின்னால் இருந்து வாசித்தால் தன் மெட்டு அவருக்குத் தெரியாது என்று என்னை நானே தேற்றினேன். பெற்ற பிள்ளைக்கு வேட்டி கட்டிவிட்டால் தகப்பனுக்கு அடையாளம் தெரியாது என்று நினைக்கிற அளவு புத்தி எனக்கு இருந்தது. கூடுதல் பாதுகாப்புக்கு இன்னொரு வேலையும் செய்தேன். விழா ஆறு மணிக்கு என்று அழைப்பில் இருந்தது. எட்டு மணிக்கு முன் எங்கள் விழா எதுவும் தொடங்கியது கிடையாது. அதை அவருக்குச் சொல்லாமல் விட்டேன். வெறும் மண்டபத்தைப் பார்த்துவிட்டுச் சலித்துப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் ஆறு மணிக்குச் சரியாக வந்தார். வோபர்ன் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் செயலாளர் தனியே கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். பாட்டுக்காரர் கோட்டைக் கழற்றிவிட்டு அவரோடு சேர்ந்து அடுக்கத் தொடங்கினார். முந்நூறு கதிரை. நான் ஏழரைக்குப் போனபோது இருவரும் அண்ணன் தம்பி ஆகியிருந்தார்கள். அதைவிடப் பெரிய செய்தியை வாசலிலேயே செயலாளர் சொன்னார்.

“ஐசே, பிரதம விருந்தினரா வாற டொக்டர் பனியிலை மாட்டுப்பட்டு நிக்கிறாராம். மிசிசாகாவிலையிருந்து வெளிக்கிடவே ஏலாதாம். கடவுளாப் பாத்து உந்த வெள்ளைக்காரனை அனுப்பியிருக்கிறார். சரியான நேரத்துக்கு வந்த மனுசன்! பாட்டுக்காரன் வேறை! உவரை வைச்சுச் செய்வம்.”

“அண்ணை, வேண்டாம். அவருக்கு ஒண்டும் விளங்காது.”

“டொக்டருக்கு மட்டும் விளங்குறதே?”

எங்கள் கூட்டங்களில் ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டால் தப்பமுடியாது. அவருக்கு மாலை போட்டார்கள். பொட்டு வைத்தார்கள். குத்துவிளக்கின் முதல் திரியை அவரே ஏற்றினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசை நடுவில் இருந்தார். பரதநாட்டியம் ஆடிய சின்னப் பிள்ளைகளுக்கு எல்லோரும் நிறுத்திய பிறகும் கைதட்டினார்.

என் முறை வந்தது. மேடையில் ஏறியதுமே சிரிப்புச் சத்தம். நான் சிரிக்காமல் நின்றதும் இன்னும் கூடச் சிரித்தார்கள். ஹார்மோனியம் தொடங்கியது. முதல் வரி பாடி முடியச் சிரிப்பு நின்றது. இரண்டாவது வரியில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாயில் வைத்தா. எனக்கு அது தெரிந்தது, சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகுதான் முன்வரிசையைப் பார்த்தேன்.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இடது கை தொப்பியின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் கிற்றார்க் கம்பியை அழுத்துவதைப்போல அழுத்திக்கொண்டிருந்தன. நான் அடுத்த இடத்துக்குப் போகுமுன் அந்த விரல்கள் அங்கே போய் நின்றன. மூன்றாவது வரி இறங்கும் இடத்தில் அவருடைய தலையும் இறங்கியது.

பாட்டு முடிந்தது.  எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மேடையிலிருந்து ஓடப் பார்த்தேன். செயலாளர் ஒலிவாங்கியோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு நாளும் நாங்கள் இவரை ஒரு பகிடிக்காரன் எண்டுதான் நினைச்சம். இவருக்குள்ளை ஒரு இசையமைப்பாளர் ஒளிச்சிருந்திருக்கிறார். எங்கடை பிரதம விருந்தினர் இவருக்குப் பொன்னாடை போர்த்துவார்.” பிறகு விருந்தினருக்கு விளங்கவேண்டும் என்று அதையே ஆங்கிலத்தில், மெதுவாக, மெட்டுப் போட்டவர் இவரே என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

அவர் மேடைக்கு வந்தார். பொன்னாடையை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. குளிருக்குப் பிள்ளைக்குக் கோட்டுப் போடுவதைப்போல என் தோளைச் சுற்றி இழுத்து, முன்னால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிட்டார். படப்பிடிப்பாளர் “சேர், ஸ்மைல்” என்றார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படத்தில் அவர் என்னைப் பார்க்கிறார். நான் அவருடைய சப்பாத்தைப் பார்க்கிறேன்.

இடைவேளையில் கடதாசித் தட்டில் வடையோடு என்னிடம் வந்தார். பக்கத்தில் செயலாளர், மறுபக்கம் என் மனைவி.

“தம்பி, அந்த மெட்டு எவ்வளவு பழசு?”

கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் பயந்துபோய்க் கேட்டார். அந்தப் பயம் எனக்கு விளங்கவில்லை. தப்ப ஒரு வழி திறந்திருக்கிறது என்று மட்டும் விளங்கியது.

“சரியான பழசு,” என்றேன். “என்ரை அம்மா பாடுறவ.”

செயலாளர் காதைக் கூர்மையாக்கித் தமிழில் கேட்டார்: “என்ன ஐசே, நீர் போட்ட மெட்டெண்டெல்லோ சொன்னனீர்?”

“உவருக்கு விளங்கப்படுத்த ஏலாதண்ணை. அதுக்காகச் சும்மா சொன்னனான்.”

ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மொழியில் இரண்டு பொய். மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நான் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

பாட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். “நீ கோப்பை கழுவேக்கை எந்த நேரமும் முனகிக்கொண்டுதான் நிப்பாய்” என்றார். “அது என்ரை காதுக்குள்ளை போயிருக்கு. நான் என்ரை எண்டு நினைச்சு எழுதியிருக்கிறன். உன்ரை தாயின்ரை பாட்டைக் களவெடுத்துப்போட்டன் தம்பி. எனக்குத் தெரியேல்லை. உண்மையாத் தெரியேல்லை.” என் தோளில் கை வைத்தார். பொன்னாடைக்கு மேலே. “நீ மேடையிலை பாடித்தான் எனக்குச் சொல்லவேண்டி இருந்ததோ? குசினியிலை சொல்லியிருக்கலாமே. அப்பவே விட்டிருப்பன்.”

நான் செய்திருக்கவேண்டியது ஒரு வசனம் பேசுவது. வாயைத் திறந்தேன். செயலாளர் வடைத்தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்லை” என்றேன். மன்னித்தேன். அவரை நான் மன்னித்தேன்!

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்: “மாமி எப்ப பாடினவ?”

“சின்ன வயசிலை.”

“மாமி தேவாரத்தையே சாமான் லிஸ்ற் வாசிக்கிறமாதிரித்தான் சொல்லுறவ.” தேநீரை என் முன்னால் வைத்தாள். “அந்த மனுசனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

“சொல்லுவன்.”

“எப்ப?”

“சனிக்கிழமை.”

சனிக்கிழமை அவர் குசினிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு மேடையில் தன்னோடு வாசிக்கிற ஆட்களிடம் அந்தப் பாட்டை நிரலிலிருந்து எடுக்கச் சொன்னார். சுவிங் கதவுக்குப் பின்னால் நான் நின்று கேட்டேன். “பின்னாலை வேலை செய்யிற என்ரை சிநேகிதன் ஒருத்தனுக்குச் சொந்தமான மெட்டு அது” என்று ஒலிவாங்கியில் சொன்னார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் குசினிப் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன், சத்தத்துக்கு.

மாசி கடைசியில் கசெற் வந்தது. ஒன்பது பாட்டு. எனக்கு ஒன்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். வானொலிக்காரர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு பாட்டும் இருந்திருந்தால் பார்த்திருப்பார்களா? இந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பதுதான் எனக்கு ஒரு காலம் ஆறுதலாகவும் பிறகு தண்டனையாகவும் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லப்போனேன். ஒரு கிழமை அவருக்குத் தடிமன் காய்ச்சல். ஒரு கிழமை எனக்குத் தடிமன். ஆவணியில் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்தது. நல்ல வேலை என்று எல்லோருக்கும் சொன்னேன். அங்கே சனிக்கிழமை லீவு என்பதும், அங்கே யாரும் பாடுவதில்லை என்பதும்தான் அதில் நல்லவை. சங்கத்தில் அதற்குப் பிறகு என்னை ‘இசையமைப்பாளர்’ என்றே அழைத்தார்கள். புதுப்பாட்டுக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றேன். பகிடி சொல்லக் கேட்பதையும் விட்டுவிட்டார்கள்.

எண்பத்தெட்டு இலையுதிர்காலத்தில் மதுச்சாலையின் பழைய சமையல்காரரைச் சந்தையில் கண்டோம். பாட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வெடுத்துவிட்டார், பனி தொடங்குமுன் மனைவியோடு நியூ பிரன்ஸ்விக்குக்கே போகப்போகிறார் என்றார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. மரக்கறியைத்தான் பார்த்தாள். “ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவுக்கு பஸ் ஓடும்” என்று கத்தரிக்காயிடம் சொன்னாள்.

பஸ்ஸில் ஆங்கிலத்தில் வசனத்தை மனப்பாடம் செய்தேன். ‘அந்த மெட்டு உங்களுடையது. நான்தான் களவெடுத்தேன். பொய் சொன்னேன்.’ மூன்று வசனம். ஒரு பிள்ளைகூடச் சொல்லும்.

வீடு முழுவதும் பெட்டிகள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். குசினி மேசையில் கோப்பி வைத்தார். கோப்பி முடிந்தது. இரண்டாவது கோப்பியும் முடிந்தது.

“அந்த மெட்டு...” என்றேன்.

“ஓம், உன்ரை அம்மாவின்ரை.”

“யோசிச்சுப் பாத்தன். அம்மா பாடினது வேறை ஒண்டுபோலை கிடக்கு. நான் குழம்பியிருப்பன். அது உங்கடையாத்தான் இருக்கவேணும்.”

இதுதான் என் வாயிலிருந்து வந்தது. களவு என்ற சொல் எங்கோ தொண்டையிலேயே இறங்கிவிட்டது. ஞாபகப் பிசகு என்று ஒரு நோயை எனக்கு நானே எழுதிக்கொடுத்தேன்.

அவருடைய கண் கலங்கியது. உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். “இஞ்சை பார், இந்த மனுசன் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறான். நான் ஊருக்குப் போகமுதல் அந்தப் பாட்டை எனக்கு விட்டுத்தரவாம்! தாயின்ரை பாட்டை!” அவ வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்தா.

இப்போதாவது மூன்று வசனத்தையும் சொல்லியிருக்கலாம். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் என்னை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்த மண்டபம்கூட அப்படிப் பார்க்கவில்லை. நான் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பெட்டிக்குப் பின்னாலிருந்து கிற்றாரை எடுத்தார். சுருதி சேர்த்தார். தொடங்காமல் நிறுத்திவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “அப்ப நான் இதைப் பாடலாமோ தம்பி? உனக்குச் சம்மதமோ?”

“பாடுங்கோ” என்றேன்.

பாடினார். கிட்டத்தட்ட மூன்று வருடம் பாடாத பாட்டை ஒரு சொல் தவறாமல் பாடினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னப்பா, சொன்னனீங்களோ?”

“அவர் இனி அந்தப் பாட்டைப் பாடுவார்” என்றேன்.

“நான் அதைக் கேக்கேல்லை” என்றாள்.